நர்சிங் ஸ்டூடன்ட்ஸ் அசோசியேஷன்ல சேர்றது பிரயோஜனமா?

கேர்ப்ளான்_கைதி:
பிஎஸ்சி நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். அசோசியேஷன்ல மெம்பர் ஆகுன்னு சீனியர்ஸ் ஃபார்மை நீட்டிக்கிட்டே இருக்காங்க. ஏற்கனவே ஆஸ்பத்திரி வார்டு போஸ்டிங், ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் என்ன கவனிப்புன்னு எழுதுற கேர் ப்ளான், கேஸ் ப்ரெசென்டேஷன்னு மூச்சு விட நேரமில்ல, இதுல மீட்டிங்கும் சேர்ந்தா தாங்குமான்னு தெரியல. நிஜமாவே ஏதாச்சும் கிடைக்குமா, இல்ல ரெஸ்யூமேல ஒரு வரி எழுதிக்கத்தானா?

நைட்டூட்டி_அக்கா:
வெறும் மெம்பரா இருந்தா அந்த ஒரு வரிதான்மா, அதையும் இன்டர்வியூல யாரும் பெருசா கேக்க மாட்டாங்க. ஆனா ஏதாவது ஒரு வேலைய இழுத்துப் போட்டு செஞ்சா கதையே வேற. நான் செக்ரட்டரியா இருந்தேன், மீட்டிங்ல நடந்தத மினிட்ஸா எழுதணும், பத்து பேரு ஒரே நேரத்துல பேசுறதுல எது முடிவு எது வெட்டிப்பேச்சுன்னு பிரிச்சு எழுதணும், அப்புறம் அத பிரின்சிபால் மேடம்கிட்ட போய் சுருக்கமா சொல்லணும். ராத்திரி டூட்டில டாக்டருக்கு போன் போட்டு பேஷன்ட் நிலைமைய சொல்றப்ப கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான். எஸ்பிஏஆர்னு வகுப்புல சொல்லித் தருவாங்க, இப்ப என்ன பிரச்சனை, முன்னாடி என்ன நடந்தது, நீ என்ன நினைக்கிற, என்ன செய்யணும்ங்கிற, இந்த நாலு விஷயம்தான். மனப்பாடம் பண்றது ஈஸி, பெரியவங்க முன்னாடி வாய் திறந்து சொல்ல வரணுமே.

சந்தேக_சிங்கம்:
எங்க காலேஜ்ல மே 12 நர்சஸ் டேக்கு டான்ஸ் ஆடுனாங்க, போட்டோ எடுத்தாங்க, அவ்ளோதான் வருஷம் பூரா நடந்தது 😒 சந்தா கட்டுனதுக்கு கணக்கு கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கல. சேர்றதுக்கு முன்னாடி போன வருஷம் என்னென்ன செஞ்சீங்கன்னு கேளு, பதில் சொல்லத் திணறுனா ஃபார்மை திருப்பிக் கொடுத்துடு.

பழைய_ட்யூட்டர்:
சிங்கம் சொல்றது நியாயம்தான், ஆனா ஒரு காலேஜ் யூனிட் தூங்குதுங்கறதுக்காக மொத்தத்தையும் வேண்டாம்னு சொல்லிட முடியாது. இந்தியாவுல ஸ்டூடன்ட் நர்சஸ் அசோசியேஷன் 1929லயே வந்துடுச்சு, டிரெய்ண்ட் நர்சஸ் அசோசியேஷனோட மாணவர் பிரிவு அது. அமெரிக்காவுல நேஷனல் ஸ்டூடன்ட் நர்சஸ் அசோசியேஷன் 1952ல வந்தது, அங்க மாணவர் பிரதிநிதிகள் தீர்மானம் எழுதிக் கொண்டுவந்து, விவாதம் பண்ணி, ஓட்டு போடுறாங்க. நம்ம அசோசியேஷன் மாநாட்டுல, நீங்க செஞ்ச வேலைய விளக்கி போஸ்டர் வைக்கிற வாய்ப்பு கிடைச்சா விடாதீங்க, வேற காலேஜ் பசங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு அங்கதான் தெரியும். இன்னொன்னு, இது யூனியன் இல்ல. போஸ்டிங் நேரத்தக் குறைக்க சண்ட போடுவாங்கன்னு நினைச்சு சேர்ந்தா ஏமாந்துடுவீங்க.

கேர்ப்ளான்_கைதி:
ரொம்ப தேங்க்ஸ். அக்கா, மீட்டிங்குக்கு எவ்ளோ நேரம் போகும்? பரீட்சை நேரத்துல விடுவாங்களா?

நைட்டூட்டி_அக்கா:
சாதாரண மெம்பருன்னா மாசத்துக்கு ஒரு மீட்டிங் இருந்தாலே அதிகம். பொறுப்புல இருந்தா நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் மட்டும் உயிரை எடுக்கும். பரீட்சை நேரத்துல எந்தப் புரோக்ராமும் வைக்கக்கூடாதுன்னு முதல் மீட்டிங்லயே பேசி மினிட்ஸ்ல ஏத்திடு. ட்ரெஷரர் போஸ்ட மட்டும் முதல் வருஷமே தலைல கட்டுனா வாங்காத, ஒவ்வொரு பில்லுக்கும் நீதான் பின்னாடி ஓடணும்.

சந்தேக_சிங்கம்:
ஓடுற ட்ரெஷரர் கிடைச்சா நானே மறுபடி சந்தா கட்டுறேன் 😄