எழுத்தாளரைப் பள்ளிக்கு அழைக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் வள மையப் (பள்ளி நூலகம்) பொறுப்பில் இருக்கிறேன். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைச் சந்திக்க ஓர் எழுத்தாளரை அழைக்க எண்ணியிருக்கிறோம்.

மாணவர்கள் படித்த நூல்களைக் குறித்து வைக்கும் நிலாம் (பள்ளி வாசிப்புத் திட்டம்) பதிவேடு என்னவோ நிரம்பி வழிகிறது. புரட்டிப் பார்த்தால், பின்னட்டையில் உள்ள நான்கு வரி, அச்சுப்பிழை உட்பட அப்படியே இறங்கியிருக்கிறது! கதையில் யார் வந்தார்கள் என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். அதே பிள்ளைகள், பால்மரக் காட்டில் தாத்தாவைப் பன்றி துரத்திய கதையை மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட கதைகளும் புத்தகமாகும் என்பதை, எழுதியவரே நேரில் வந்து சொன்னால் வாசிப்பில் ஆர்வம் பிறக்கும் என்று நம்புகிறேன்.

பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை என்று நீளும் விழா வேண்டாம். ஒரு வகுப்பறை, தரையில் பாய், பிள்ளைகள் கையில் அவருடைய புத்தகம், அவ்வளவுதான்.

இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: நூலை முன்கூட்டியே வாசிக்க எத்தனை வாரம் கொடுத்தீர்கள்? எத்தனை படிகள் வாங்கினீர்கள்? கேள்விகளைப் பிள்ளைகளே தயாரித்தார்களா? சன்மானம் எவ்வளவு கொடுப்பது முறை?

பயணச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்கும். கோலாலம்பூரிலிருந்து வருபவர் இ.டி.எஸ். மின்சார விரைவு ரயிலில் சுங்கை சிப்புட்டிலேயே இறங்கலாம். அழைத்து வர ஆள் அனுப்புவோம். 11, 12 வயதினருக்கு எழுதும் மலேசிய எழுத்தாளர் யாரையாவது தெரிந்தால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். கவிஞர் என்றாலும் சரி, மேடைப் பேச்சாளர் மட்டும் வேண்டாம்.