மாற்குவின் நீள வாக்கியம்: ஆங்கிலத்தில் உடைக்கலாமா?

அஸ்தம்பட்டி வாசகர்:
ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறு மாலையில் மாற்கு நற்செய்தி வாசித்துக் காட்டுகிறேன். வீட்டில் தமிழ் பேசினாலும் அவர்கள் படிப்பதெல்லாம் ஆங்கிலம்தான், அதனால் கிரேக்க மூலத்திலிருந்து நானே எளிய ஆங்கிலத்தில் எழுதி வருகிறேன். 5ஆம் அதிகாரம் 25 முதல் 27 வசனம் வரை வந்ததும் நின்றுவிட்டது. 12 வருடம் இரத்தப்போக்கால் வாடிய பெண்ணின் கதை. கிரேக்கத்தில் ஏழு எச்சங்கள் வரிசையாக வந்து, ‘தொட்டாள்’ என்ற முற்று முடிவில்தான் வருகிறது. தமிழில் அது அப்படியே உட்கார்ந்துவிடுகிறது: நோயோடு இருந்து, வைத்தியர் பலரிடம் பாடுபட்டு, கைப்பொருளெல்லாம் செலவழித்து, குணமாகாமல், இன்னும் மோசமாகி, இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டு, கூட்டத்துக்குள் பின்னால் வந்து, அவர் ஆடையைத் தொட்டாள். இதையே ஆங்கிலத்தில் செய்தால் பிள்ளைகள் பாதியிலேயே வழி தவறுகிறார்கள், துண்டு துண்டாக உடைத்தாலோ சப்பென்று ஆகிவிடுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

ஐந்து ரோடு அண்ணன்:
உடையுங்கள் தம்பி, தயங்க வேண்டாம். எழுவாய் வந்ததும் வினையைத் தேடும் மொழி ஆங்கிலம், இத்தனை எச்சத்தை அது தாங்காது. புதிய ஏற்பாட்டிலேயே எபேசியர் நிருபம் 1ஆம் அதிகாரத்தில் 3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம்; இன்றைய ஆங்கிலப் பதிப்புகள் பலவும் அதைப் பிரித்துத்தான் தருகின்றன. அப்புறம், மாற்கு எழுதியது புலவர் நடையும் கிடையாது. எகிப்து மண்ணில் கிடைத்த பாப்பிரஸ் கடிதங்களையும் ரசீதுகளையும் ஒப்பிட்டு ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் டைஸ்மன் 1895 வாக்கில் எழுதத் தொடங்கியதே, புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் பெரும்பாலும் அன்றைய சாதாரண மக்களின் மொழி என்பதைத்தான். கேட்ட மாத்திரத்தில் புரிந்த ஒன்றைப் புரியாத ஆங்கிலத்தில் கொடுப்பது மூலத்துக்குச் செய்யும் துரோகம்.

காப்பித்தோட்டம்:
எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான் அண்ணா, ஆனால் எபேசியரை இதற்கு உதாரணமாகக் கொள்ள முடியாது. அங்கே ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்கும். இங்கே எல்லாத் துண்டும் ‘தொட்டாள்’ மேல் சாய்ந்து கிடக்கிறது, கேட்பவரை அதுவரை காக்க வைப்பதுதான் மாற்குவின் கதை சொல்லும் திறமை. அதுவும் ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், அவளைப் பார்க்க இயேசு போகிற வழியில் இந்த நிறுத்தம்! 1611இன் கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பு இதை ஒரே வாக்கியமாகவே வைத்திருக்கிறது. இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பழைய துன்பம் முழுக்க முதல் வாக்கியத்தில், முன்பே நடந்ததைக் காட்டும் ‘ஹேட்’ (had) போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக. அந்தக் கனம் ஆங்கிலத்திலும் ஏறும். கேட்டாள், வந்தாள், தொட்டாள் என்பது அடுத்த வாக்கியம், அதில் வேறு எதுவும் வேண்டாம். வைத்தியர் செய்தி கடுமையாக இருக்கிறதே என்று மெலிதாக்கிவிடாதீர்கள். இதே கதையை எழுதிய லூக்கா தன் நற்செய்தியில் சுருக்கிச் சொன்னதை மாற்கு முழுதாகச் சொல்லியிருக்கிறார், அவளுடைய ஏமாற்றம் அதில்தான் இருக்கிறது.

சேலத்து அக்கா:
இரண்டு வாக்கிய யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கூடவே அதே அதிகாரத்தில் 22, 23ஆம் வசனங்களையும் பாருங்கள் தம்பி. யவீரு வருகிறான், காலில் விழுகிறான், கெஞ்சுகிறான் என்று நிகழ்காலத்தில் ஓடுகிறது. மாற்குவில் சுமார் 150 இடங்களில் இப்படி உண்டு, நம் ஊரில் நடந்த கதையைச் சொல்பவரும் அப்படித்தானே சொல்வார். ஆனால் ஆங்கில எழுத்தில் காலம் திடீரென மாறினால் பிழை போலத் தெரியும், எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் வைத்து வேகத்தைச் சின்ன வாக்கியங்களில் காட்டுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் ‘காய்’ என்ற கிரேக்கச் சொல், அதாவது நம்முடைய ‘உம்’, அதையும் பாதிக்கு மேல் விட்டுவிடலாம். முடித்ததும் கிரேக்கம் தெரியாத ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், தடுமாறும் இடம் தானாகத் தெரியும்.

அஸ்தம்பட்டி வாசகர்:
நன்றி அக்கா, நன்றி காப்பித்தோட்டம். இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன், நன்றாகவே நிற்கிறது. அண்ணா, எபேசியருக்கு வரும்போது உங்கள் வழிதான். இப்போது 33இல் இருக்கிறேன்: பயந்து, நடுங்கி, தனக்கு நடந்ததை அறிந்து என்று எச்சங்கள் மறுபடி வந்தாலும், வந்தாள், விழுந்தாள், உண்மையெல்லாம் சொன்னாள் என்று மூன்று முற்றுகள் தொடர்ந்து வருகின்றன. அங்கே ஒரே வாக்கியமாகவே விடப்போகிறேன்.