எதிர்தரப்பு வக்கீல் ஜட்ஜ் சேம்பர்ல இருந்து வெளிய வந்தார். உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

எங்க பாகப்பிரிவினை கேஸ் 7 வருஷம் நடந்துச்சு, தோத்துட்டோம். தோத்தத விட மனசுல நிக்கிறது ஒரு காலைல பாத்த காட்சிதான். விசாரணைக்கு சீக்கிரமே போயி வராண்டாவுல நின்னுட்டு இருந்தோம், எதிர்தரப்பு வக்கீல் ஜட்ஜ் சேம்பர் கதவ தொறந்துகிட்டு சிரிச்ச முகமா வெளிய வர்றார், எங்கள பாத்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. அவ்வளவுதான். வேற ஏதோ விஷயமா கூட போயிருக்கலாம். தீர்ப்ப அப்புறம் இன்னொரு வக்கீல்கிட்ட காட்டினேன், சட்டப்படி சரியாத்தான் இருக்குன்னார், நானும் ஒத்துக்கறேன். ஆனா எங்கம்மா கண்ண மூடற வரைக்கும் "அன்னிக்கே பேசி முடிச்சிட்டாங்கடா"ன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு தெரியல.

பதில்:
நான் பெஞ்ச் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். எல்லாரும் ஜட்ஜத்தான் பாக்கறாங்க, கேஸ் கட்டு யார் கைல இருக்குன்னு பாக்கறதில்ல. மனு நம்பர் ஆகாம கெடந்தா மாசக்கணக்குல போயிடும், வாய்தா தேதி கிட்டக்க விழறதும் தள்ளி விழறதும் கூட எங்க டேபிள்ல நடக்கற விஷயந்தான். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு அம்மா தீர்ப்பு நகலுக்காக நாலு தடவ வந்து திரும்பி போனாங்க, என் சீனியர் பணம்னு வாயத் தொறந்து கேக்கவே இல்ல, "நாளைக்கு வாங்கம்மா" மட்டும்தான். அந்தம்மாவுக்கு அப்பீல் கெடு நெருங்குதுன்னு அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நான் வாய மூடிட்டு இருந்தேன், அது தப்பு.

ஜட்ஜ் மட்டும் சுத்தமா இருந்தா பத்தாதுன்னு 1923லயே இங்கிலாந்துல தீர்ப்பு இருக்கு, சஸ்ஸெக்ஸ் மாஜிஸ்ட்ரேட்டுங்க கேஸ். பைக் ஆக்சிடென்ட் ஒண்ணுல ஓட்டினவருக்கு தண்டனை குடுத்தாங்க, ஆனா மாஜிஸ்ட்ரேட்டுங்க முடிவெடுக்க உள்ள போனப்ப கூடவே போன கிளார்க், நஷ்டஈடு கேட்ட எதிராளியோட வக்கீல் ஆபீஸ்ல இருந்தவர். உள்ள அவர்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல, அவரும் ஒண்ணும் சொல்லல, அது உண்மைன்னு கோர்ட்டும் ஏத்துகிச்சு. இருந்தும் தண்டனைய ரத்து பண்ணிட்டாங்க. நீதி நடந்தா போதாது, நடக்குதுன்னு கண்ணுக்கும் தெரியணும்னு அங்க தலைமை நீதிபதியா இருந்த லார்ட் ஹீவர்ட் சொன்னது இந்த கேஸ்லதான். உங்கம்மாவோட சந்தேகம் வீண் சந்தேகம் இல்ல சார்.

பதில்:
வக்கீலா நான் பாத்த நல்லதையும் சொல்லணும். ஒரு ஜட்ஜ் கேஸ் கூப்பிட்ட உடனே ஓப்பன் கோர்ட்ல "இந்த கம்பெனில என் வீட்டுக்காரருக்கு ஷேர் இருக்கு, நான் விசாரிக்கல"ன்னு சொல்லி வேற கோர்ட்டுக்கு அனுப்பிட்டாங்க, முழுசா ரெண்டு நிமிஷம் கூட ஆகல. இங்கிலாந்துல லார்ட் சான்சலரா, அதாவது அந்த காலத்துல ரொம்ப உயர்ந்த நீதிபதி பதவில இருந்த காட்டன்ஹாம் இத செய்யாததால, கால்வாய் கம்பெனி ஒண்ணுக்கு சாதகமா அவர் போட்ட உத்தரவையே 1852ல அப்போ அங்க கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை ரத்து பண்ணுச்சு, அந்த கம்பெனில அவருக்கு ஷேர் இருந்துச்சு. அவர் பாரபட்சமா நடந்தார்னு யாருமே சொல்லல. ஜட்ஜுங்க எப்படி நடந்துக்கணும்னு 2002ல வந்த பெங்களூர் கோட்பாடுகளும் இதேதான் சொல்லுது, பாக்கற நியாயமான ஆளுக்கு சந்தேகம் வருமான்னுதான் ஜட்ஜ் யோசிக்கணும்.

ஒண்ணு கவனிங்க, தீர்ப்பு தப்புன்னா அப்பீல், நடத்தை தப்புன்னா புகார். ரெண்டையும் ஒரே பேப்பர்ல கலந்து எழுதினா "தோத்த ஆத்திரம்"னு ஓரமா வெச்சிடுவாங்க. தேதி, நேரம், கூட யார் இருந்தாங்க, என்ன பாத்தீங்க, இத மட்டும் எழுதுங்க. முக்கியமா தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே எழுதுங்க.

பதில்:
கேள்வி கேட்டவன்தான் எழுதறேன். அன்னிக்கு எங்க வக்கீல்கிட்ட சொன்னப்ப "ஜட்ஜ பகைச்சுக்க வேணாம்"னு அடக்கிட்டார். தேதி அம்மாவோட டைரில இருக்கு, கேஸ் நம்பரோட எழுதி வெச்சிருக்காங்க.