ரஷ்யாவில் மருத்துவப் படிப்பு: அழைப்புக் கடிதத்தில் ஒரு பெயர், மார்க் ஷீட் மொழிபெயர்ப்பில் வேறு பெயர். உதவி தேவை

விழுப்புரம் அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். நிஜப் பெயரைப் போட விருப்பமில்லை, கயல்விழி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலே அந்த ழகரத்தில்தான். ஸ்டேட் போர்டில் பிளஸ் டூ முடித்து நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள். ஆனால் இங்கே அரசுக் கல்லூரி கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை, தனியார் கல்லூரிக்கு எங்கள் வீட்டில் வழியில்லை. ஒரு கன்சல்டன்சி மூலம் வோல்கா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆறு வருடப் படிப்புக்கு இடம் வந்திருக்கிறது.

போன வாரம் அழைப்புக் கடிதம் வந்தது. ரஷ்ய மொழி தெரிந்த தோழி ஒருத்தியிடம் காட்டினேன், அவள் வாசித்தபோது பெயர் "கயல்விஷி" என்று வந்தது. பிளஸ் டூ மார்க் ஷீட்டின் ரஷ்ய மொழிபெயர்ப்பிலோ "கயல்விலி எஸ்" என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அவள் பெயர் தனியாக, அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில். மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல். ஆக மூன்று தாளில் மூன்று பெயர். கன்சல்டன்சிக்காரரைக் கேட்டால் "அங்கே போய்ச் சரிசெய்து கொள்ளலாம், முதல் வருட ஃபீஸை இரண்டு நாளில் கட்டுங்கள்" என்கிறார். அந்தப் பணத்தையும் ஒரு தனிநபர் கணக்கில் போடச் சொல்கிறார். ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் அவரிடம்தான் இருக்கின்றன. படிப்பு பிடிக்காவிட்டால் இரண்டாம் வருடம் வேறு நாட்டுக்கு மாற்றித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அப்பா கடையை அடகு வைக்கத் தயாராக நிற்கிறார். எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. அழைப்புக் கடிதத்தைத் திருத்தித் திரும்ப வாங்க வேண்டுமா?

நாமக்கல் அப்பா:
பயப்படாதீர்கள் அம்மா. என் மகன் போனபோதும் இனிஷியல் பிரச்சினை வந்தது. அரசிதழில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள், அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஃபீஸையும் கட்டிவிடுவது நல்லது, சீட் போய்விடும்.

வோல்கா ஐந்தாம் வருடம்:
அக்கா, கொஞ்சம் பொறுங்கள். நானும் வோல்கா பக்கம்தான் படிக்கிறேன், என் பெயரிலும் ழ உண்டு. அழைப்புக் கடிதத்தில் பெயரில் ழ வரும் இடத்தில் இருக்கும் ரஷ்ய எழுத்து எப்படி இருக்கிறது? நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் கால்கள் விரித்து, பூச்சி மாதிரி இருக்கிறதா? மார்க் ஷீட் மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் என்ன இருக்கிறது? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

விழுப்புரம் அக்கா:
ஆமாம் தம்பி, அழைப்புக் கடிதத்தில் ஆறு கால் பூச்சி மாதிரி ஒரு எழுத்து. மார்க் ஷீட்டில் அது இல்லை, கூரை மாதிரி இரண்டு கால் உள்ள ஒரு எழுத்து.

வோல்கா ஐந்தாம் வருடம்:
அப்படியானால் அழைப்புக் கடிதம் சரி, மொழிபெயர்ப்புதான் தப்பு. நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர். ரஷ்யர்கள் நம் பெயரைக் காதால் கேட்டு எழுதுவதில்லை, பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். ழகரத்துக்கு நாம் போடும் zh என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் சேர்ந்து அவர்களுக்கு அந்த ஒரு பூச்சி எழுத்துதான். உச்சரிப்பு ஜவுக்கும் ஷவுக்கும் நடுவில் ஒரு ஒலி. முதல் நாள் வகுப்பில் ஆசிரியை வருகைப் பதிவில் என் பெயரை வாசித்தபோது எனக்கு அது என் பெயர் என்றே தெரியவில்லை, இரண்டு முறை கூப்பிட்ட பிறகு பக்கத்துப் பையன் தட்டி எழுப்பினான். காதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் தாளில் அதுதான் உங்கள் தங்கையின் பெயர். உங்கள் மொழிபெயர்ப்பாளர் நல்லெண்ணத்தில் ழவை லவாக எழுதிவிட்டார் போல.

அதனால் அழைப்புக் கடிதத்தைத் தொடவே தொடாதீர்கள். அதை ரஷ்ய உள்துறை அமைச்சகம் தருகிறது, திருத்தக் கேட்டால் மறுபடி பல வாரம் காத்திருக்க வேண்டும். மார்க் ஷீட்டை மட்டும் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயரைப் பெரிதாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எழுத்துக்கு எழுத்து இதேபோல் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இங்கே வந்து ரஷ்ய நோட்டரியிடம் செய்தாலும் போதுமா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்கள். விசா, விடுதிப் பதிவு, தேர்வுப் புத்தகம், கடைசியில் டிப்ளமோ என்ற பட்டச் சான்றிதழ் எல்லாம் அதே எழுத்தில் வர வேண்டும். என் வகுப்புப் பெண் ஒருத்திக்கு விசாவில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட் மொழிபெயர்ப்பில் வேறு மாதிரி. அதைச் சரிசெய்ய ஒரு செமஸ்டர் முழுக்க அலைந்தாள்.

வக்கீல், கும்பகோணம்:
இனிஷியல் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன் சகோதரி. அரசிதழுக்குப் போகாதீர்கள். உங்கள் தங்கை பெயரை மாற்றவே இல்லை, விரித்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு இதே நிலைமை. இன்னாரின் மகளான நானும் மார்க் ஷீட்டில் இந்த இனிஷியலோடு குறிப்பிடப்படுபவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்குங்கள். நீட் ஸ்கோர் கார்டில் இனிஷியல் பெயரும் அப்பா பெயரும் ஒரே தாளில் இருக்கும், அதன் நகலையும் சேர்த்து வையுங்கள். நல்ல சான்று அது. இரண்டு ஒரிஜினலாகச் செய்யுங்கள். ஒன்று அங்கே போகட்டும், ஒன்று வீட்டில் இருக்கட்டும். திரும்பி வந்து தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதியும்போது மறுபடி வேண்டியிருக்கும்.

அப்புறம், மார்க் ஷீட்டை லேமினேட் செய்திருக்கிறீர்களா? செய்திருந்தால் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு தரும் சான்று முத்திரை, ஒட்ட முடியாது. செய்யவில்லை என்றால் தயவுசெய்து இனிமேல் செய்யாதீர்கள்.

விழுப்புரம் அக்கா:
பத்தாம் வகுப்பு மட்டும் லேமினேட் சார். பிளஸ் டூ நல்லவேளையாக அப்படியே இருக்கிறது. தம்பி சொன்னதைப் படித்ததும் அழுதேவிட்டேன். சரி, பணம்?

கார்கிவிலிருந்து திரும்பியவள்:
பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் படிப்பைப் பற்றிக் கேளுங்கள். நான் உக்ரைனில் நான்காம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது 2022 பிப்ரவரியில் போர் வந்தது. மெட்ரோ ஸ்டேஷனில் படுத்திருந்து, ரயில் ஏறி எல்லையைத் தாண்டி, ஒரு முதுகுப்பையோடு ஊர் வந்து சேர்ந்தேன். அதன் பிறகு எங்கள் மொத்தக் கவலையும், படிப்பு முழுக்க ஒரே கல்லூரியில் இருக்க வேண்டும் என்ற விதியைப் பற்றித்தான். உங்கள் தங்கைக்குப் பொருந்துவது 2021 நவம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கும் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள்: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே வெளிநாட்டுக் கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழி, படித்த நாட்டிலேயே அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக மருத்துவம் பார்க்கும் தகுதி. இதிலும் படிப்பு முழுக்க ஒரே கல்லூரியில் இருக்க வேண்டும். போர் நடந்ததால் உக்ரைன் மாணவர்களுக்கு வேறு நாட்டில் தற்காலிகமாகப் படிக்க 2022 செப்டம்பரில் தனியாக அனுமதி கொடுத்தார்கள், டிகிரி பழைய பல்கலைக்கழகம்தான் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. போருக்கே அப்படி. உங்கள் கன்சல்டன்சி சொல்லும் "பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறோம்" என்பதை நம்பினால் தங்கையின் டிகிரி இந்தியாவில் செல்லாமல் போய்விடும். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவரை விட்டு விலகியிருப்பேன்.

பல்கலைக்கழகத்துக்கு நேராக மெயில் அனுப்பி மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். ஆறு வருடமும் ஆங்கிலத்திலா, அல்லது மூன்று வருடத்துக்குப் பிறகு ரஷ்ய மொழிக்கு மாறுமா? பயிற்சி 12 மாதம் எந்த வருடத்தில், எந்த மருத்துவமனையில்? படிப்பின் பெயர் பொது மருத்துவம்தானா, அதன் குறியீடு 31.05.01 தானா? இதற்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு உங்கள் அப்பாவின் கடையைக் கொடுக்காதீர்கள்.

வோல்கா ஐந்தாம் வருடம்:
கார்கிவ் அக்கா சொல்வது முழுக்கச் சரி. ஒன்று சேர்க்கிறேன். வகுப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் நோயாளி ரஷ்ய மொழியில்தான் பேசுவார். மூன்றாம் வருடம் வார்டில் ஒரு பாட்டியின் முன்னால் நின்று "எங்கே வலிக்கிறது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராமல் நான் நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இங்கே டாக்டராக வேலை பார்க்க டிப்ளமோ மட்டும் போதாது, அக்ரெடிடேஷன் தேர்வு எழுத வேண்டும், அதுவும் ரஷ்ய மொழியில். தங்கையை இன்றைக்கே அந்த முப்பத்து மூன்று எழுத்தையும் எழுதிப் பழகச் சொல்லுங்கள்.

பணம்: தனிநபர் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். "ரஷ்யாவுக்கு ஸ்விஃப்ட் போகாது" என்று சொல்வார்கள், அதில் பாதி உண்மை. ஸ்விஃப்ட் என்பது நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் வலையமைப்பு. 2022இல் பல ரஷ்ய வங்கிகளை அதிலிருந்து நீக்கினார்கள், எல்லா வங்கிகளையும் அல்ல. பல்கலைக்கழக ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் வங்கிக் கணக்கு இருக்கும், இந்தியாவிலிருந்து எந்த வங்கி வழியாக அனுப்பலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். நம் ஊர் விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் 2022 மார்ச் முதல் இங்கே வேலை செய்யாது என்பதால் முதல் மாதச் செலவுக்குக் கையில் டாலர் வேண்டும்.

நாமக்கல் அப்பா:
நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் அம்மா. தனிநபர் கணக்கு என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ஒரிஜினலை முதலில் வாங்குங்கள். நேரில் போங்கள், வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கார்கிவிலிருந்து திரும்பியவள்:
வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராகப் பதிய எழுத வேண்டிய எப்.எம்.ஜி. தேர்வைப் பற்றியும் அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 300 கேள்விக்கு 150 எடுக்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். நான் இரண்டாவது முறைதான் தேறினேன். அதற்குப் பிறகு இங்கே இன்னொரு வருடப் பயிற்சி. ஆறு வருடத்தில் டாக்டர் என்று கணக்குப் போட்டு வட்டிக்கு வாங்கினால் வீடு திணறிப்போகும், எட்டு வருடம் என்று போடுங்கள்.

விழுப்புரம் அக்கா:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரிஜினல்களை வாங்கிவிட்டோம். அரைமணி நேரம் இழுத்தார், மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது: ஆறு வருடமும் ஆங்கிலவழி, குறியீடு அதேதான், பயிற்சி நடக்கும் மருத்துவமனையின் பெயரோடு கடிதம் தந்திருக்கிறார்கள். ஃபீஸ் நேராக அவர்கள் கணக்குக்கு வங்கி மூலம் போகிறது. மொழிபெயர்ப்பு புதிதாகச் செய்தாயிற்று, பூச்சி எழுத்து அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உறுதிமொழிப் பத்திரமும் இரண்டு ஒரிஜினல். எட்டு வருடக் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் கடையை அடகு வைக்காமல் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். விசாவுக்கு வருகிற வியாழக்கிழமை சென்னை போகிறோம்.

ஒரே ஒரு கேள்வி தம்பி. குளிருக்குக் கோட் இங்கேயே வாங்கிவிடலாமா?

வோல்கா ஐந்தாம் வருடம்:
வேண்டாம் அக்கா. விமானத்துக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், செப்டம்பரில் அது தாங்கும். கோட்டும் பூட்ஸும் இங்கே வந்து சீனியர்களோடு போய் வாங்கட்டும். அந்த இடத்தில் புளியும் சாம்பார்ப் பொடியும் வையுங்கள்.