மறு: எக்ஸ்டென்ஷன் ட்யூப் – ‘இடைக்குழல்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கேமராவில் மாட்டும் ‘எக்ஸ்டென்ஷன் ட்யூப்’ முதலிய ஒளிப்படச் சொற்களுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘நீட்டிப்புக் குழாய்’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும் என்பது என் கவலை. இழுத்தால் நீளுகிற குழாய் என்று நினைக்கத் தோன்றும். இந்தக் கருவி நீளாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் உட்காரும் வெற்றுக் குழல் அது. உள்ளே கண்ணாடிகூடக் கிடையாது. லென்ஸை உணரியிலிருந்து (படம் பதியும் சென்சாரிலிருந்து) தள்ளி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. அப்படித் தள்ளி வைத்தால் இன்னும் கிட்டத்தில் இருக்கும் பொருளையும் லென்ஸ் குவித்துக் காட்டும், உருவும் பெரிதாக விழும். நடுவில் இருப்பதால் ‘இடைக்குழல்’ என்கிறேன்.

‘குழாய்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சொல் அதிகம் தேவைப்படுவது இதைக் கையால் செய்துகொள்பவர்களுக்கு. கேமராவின் வாய்மூடி, லென்ஸின் பின்மூடி இரண்டையும் நடுவில் வெட்டியெடுத்து, ஒரு துண்டு பிவிசி குழாயின் இரு முனைகளிலும் ஒட்டுவார்கள். செலவு மிகக் குறைவு. இதன் செய்முறையை எழுதும்போது ‘குழாயை அறுத்து நீட்டிப்புக் குழாய் செய்க’ என்றால் எந்தக் குழாய் எது என்று குழம்பும். ‘குழாயை அறுத்து இடைக்குழல் செய்க’ என்றால் சிக்கல் இல்லை.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்: “50 மி.மீ. லென்ஸை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கு) குவித்து 25 மி.மீ. இடைக்குழல் மாட்டினால் உரு பொருளின் பாதியளவில் விழும், 50 மி.மீ. இடைக்குழலில் மெய்யளவில் (பொருளின் அதே அளவில்) விழும், வெளிச்சம் மட்டும் கால் பங்காகக் குறையும்.” “இடைக்குழலின் உட்புறத்தில் பளபளப்பில்லாத கறுப்புத் தாளை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஒளி சுவரில் பட்டுத் தெறித்துப் படம் வெளுத்துவிடும்.” “கையால் செய்த இடைக்குழலில் மின்தொடர்பு இருக்காது, ஆகவே துளையை (ஒளி நுழையும் அபர்ச்சரை) கையால் திருக வசதியுள்ள பழைய லென்ஸே நல்லது.” எங்கும் இடறவில்லை.

> மேக்ரோவுக்கு ‘நுண்ணொளிப்படம்’?

சிறு பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ படத்துக்கு இந்தச் சொல்லை ஏற்க மனம் வரவில்லை. நுண்ணோக்கி வழியாக எடுக்கும் படத்துக்கு அந்தச் சொல் வேண்டும், அதை இங்கே செலவழித்துவிடக் கூடாது. ‘மேக்ரோ’ அப்படியே இருக்கட்டும். ஒன்றுக்கு ஒன்று என்ற அளவை மட்டும் ‘மெய்யளவு’ என்போம். 5 மி.மீ. எறும்பு உணரியிலும் 5 மி.மீ. நீளத்துக்கு விழுந்தால் அது மெய்யளவு. பேச்சிலும் எளிதாக வரும்.

லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்ட உதவும் வளையத்துக்குத் ‘திருப்பு வளையம்’ போதும். ‘திருப்பிப் போட்டு எடுத்தேன்’ என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்.

அப்புறம், டெப்த் ஆஃப் ஃபீல்ட், அதாவது படத்தில் எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கிறது என்ற அளவு. மேக்ரோவில் ஆளைத் திணறடிப்பது இதுதான். முழுச்சட்டக (ஃபுல் ஃப்ரேம்) உணரியில், மெய்யளவில், எஃப்/8 துளை வைத்தாலும் சுமார் 1 மி.மீ. ஆழத்துக்குத்தான் தெளிவு கிடைக்கும். ஈயின் கண் துல்லியமாக இருந்தால் இறக்கை கலங்கிப்போகும். இதைச் சிலர் ‘குவிய ஆழம்’ என்கிறார்கள். லென்ஸுக்குப் பின்னால், உணரிப் பக்கத்தில் இருக்கும் வேறோர் அளவுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். ‘புல ஆழம்’ தவறில்லை. ஆனால் எந்தப் புலம் என்று புதியவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ‘தெளிவாழம்’ என்றால் விளக்கமே வேண்டாம்: எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு? ‘தெளிவாழம் 1 மி.மீ.’, ‘துளையைச் சுருக்கினால் தெளிவாழம் கூடும்’ என்று எழுதலாம்.

‘இடைக்குழல்’ பற்றி எனக்கு ஐயமில்லை. ‘தெளிவாழம்’ ஏற்கெனவே வேறு துறையில் வேறு பொருளில் புழங்குகிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.