ஏபியா, டூயல் கிரெடிட்டா? வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும், ஒரே குழப்பம்

பஞ்சுமிட்டாய்:

எல்லோருக்கும் வணக்கம். டெக்ஸாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் பத்தாவது படிக்கிறாள். அடுத்த வருடம் என்னென்ன பாடம் எடுக்கப் போகிறாள் என்று கேட்டுப் பள்ளியிலிருந்து படிவம் வந்திருக்கிறது. கணிதத்தில் சிக்கல் இல்லை, கால்குலஸ் பிசி என்கிற ஏபி பாடம் என்று முடிவாகிவிட்டது. இங்கிலிஷ், அமெரிக்க வரலாறு இரண்டில்தான் தகராறு. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) வகுப்பில் சேரலாம், இல்லையென்றால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜோடு (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) சேர்ந்து நடத்தும் டூயல் கிரெடிட்டில் சேரலாம். இரண்டிலுமே கல்லூரி கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு, கிடைக்கும் என்கிறார்கள். கவுன்சிலரிடம் எது நல்லது என்று கேட்டேன், "இரண்டுமே நல்லதுதான்" என்றார். இதைக் கேட்கவா அரை நாள் லீவு போட்டுப் போனேன்?

நானும் கணவரும் ஊரில் படித்தவர்கள். பன்னிரண்டாவது மார்க், கட் ஆஃப், கவுன்சிலிங், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன வாரம் ஒரு வளைகாப்பில் ஒருவர் "எங்கள் பையனுக்குப் பதினொரு ஏபி" என்கிறார், பக்கத்தில் இருந்தவர் "எங்கள் பெண் பள்ளியை முடிக்கும்போதே இரண்டு வருட அசோசியேட் டிகிரியும் வாங்கிவிடுவாள்" என்கிறார். அதற்குப் பிறகு பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

இன்னொன்று, நாங்கள் இன்னும் எச்1பி வேலை விசா, குடும்பத்துக்கான எச்4 விசாவில்தான். கிரீன் கார்டு வரிசை எப்போது நகருமோ. ஃபெடரல் உதவித்தொகை எதுவும் மகளுக்குக் கிடைக்காது, கல்லூரிச் செலவு முழுக்க எங்கள் கையிலிருந்துதான். ஒரு வருடப் படிப்பு மிச்சமானால்கூடப் பெரிய விஷயம். அவளுக்கு இன்ஜினியரிங்தான் ஆசை, ஆனால் நடுநடுவே மெடிசின் என்றும் சொல்கிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்_மாமா:

என் பிள்ளைகள் இருவரும் இந்த வழியாகத்தான் போனார்கள், மூத்தவள் ஏபி, இளையவன் டூயல் கிரெடிட். முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கிரெடிட் செல்லுமா என்று முடிவு செய்வது ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டும் இல்லை, உங்கள் பள்ளியும் இல்லை. மகள் கடைசியில் எந்தக் கல்லூரியில் சேர்கிறாளோ அந்தக் கல்லூரிதான் முடிவு செய்யும், அங்கும் எந்தத் துறையில் சேர்கிறாள் என்பதைப் பொறுத்து அந்தக் கிரெடிட் உபயோகப்படலாம், சும்மா எண்ணிக்கையில் மட்டும் நிற்கலாம்.

டெக்ஸாஸுக்குள்ளேயே, அரசுப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கப் போகிறாள் என்றால் டூயல் கிரெடிட்டுக்கு ஒரு பலம் இருக்கிறது. இங்கே எல்லா அரசுக் கல்லூரிகளிலும் இளநிலைப் பட்டத்துக்கு 42 மணி நேரம் (கிரெடிட்டை இங்கே மணி நேரம் என்றுதான் எண்ணுவார்கள்) பொதுப் பாடம் உண்டு. அதில் அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6 என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள், இன்ஜினியரிங் எடுத்தாலும் தப்ப முடியாது. பாட எண்களும் மாநிலம் முழுக்கப் பொதுவானவை. இங்கிலிஷ் 1301, 1302, வரலாறு 1301, 1302, கவர்ன்மென்ட் 2305, 2306, இந்த ஆறும் கம்யூனிட்டி காலேஜில் முடித்தால் மாநிலத்துக்குள் எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் செல்லும். என் பையன் இந்த ஆறையும் முடித்துவிட்டுத்தான் போனான், 18 மணி நேரம், ஒரு செமஸ்டருக்கு மேலே.

ஏபியில் வருடம் முழுக்கப் படித்தாலும் மே மாதம் எழுதும் ஒரு தேர்வுதான் கணக்கு. 1 முதல் 5 வரை மதிப்பெண், ஜூலையில் வரும். தேர்வுக் கட்டணம் 2025ல் 99 டாலர், ஆனால் நவம்பர் மத்தியிலேயே பதிவு செய்யச் சொல்லிவிடுவார்கள், மறந்தால் தாமதக் கட்டணம் தனி. டெக்ஸாஸ் அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் 3 வாங்கினாலே கிரெடிட் உண்டு, 2015ல் அதற்கென்று சட்டம் வந்தது. வெளி மாநிலத்தில், அதுவும் பெரிய தனியார் கல்லூரிகளில், 4 அல்லது 5 கேட்பார்கள், சிலர் எதற்கும் தர மாட்டார்கள். ஆனால் டூயல் கிரெடிட்டை அங்கே கொண்டுபோனால் இன்னும் மோசம், "இதைப் பள்ளிப் படிப்புக்கே கணக்குக் காட்டிவிட்டீர்களே" என்று திருப்பி அனுப்புகிற தனியார் கல்லூரிகள் நிறைய.

அப்புறம் ராங்க். டெக்ஸாஸில் இதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. யூடி ஆஸ்டினில் (டெக்ஸாஸ் பல்கலைக்கழகம்) தானாக இடம் கிடைக்க 2026 முதல், வகுப்பில் முதல் 5 சதவீதத்தில் இருக்க வேண்டும், அதுவரை 6 சதவீதமாக இருந்தது. சில பள்ளி டிஸ்ட்ரிக்ட்களில் ஏபிக்கும் டூயல் கிரெடிட்டுக்கும் ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரி) ஒரே எடை, சில இடங்களில் ஏபிக்கு அதிகம். உங்கள் டிஸ்ட்ரிக்ட் கையேட்டில் ஒரு அட்டவணை இருக்கும், அதை இன்றே எடுத்துப் பாருங்கள். கவுன்சிலரைக் கேட்காதீர்கள், அட்டவணையைப் பாருங்கள்.

லேப்கோட்:

மெடிசின் என்ற வார்த்தையைப் பார்த்ததால் எழுதுகிறேன். நான் இப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். பதினொன்றாம் வகுப்பில் ஒரு டூயல் கிரெடிட் பாடத்தை ஆன்லைனில் எடுத்தேன், அரசியல்தான், எல்லோரும் சுலபம் என்றார்கள். பாடம் சுலபம்தான். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரவு 11:59க்குள் ஒரு விவாதப் பதிவும் ஒரு வினாடி வினாவும் போட வேண்டும், பள்ளியில் மாதிரி யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். டென்னிஸ் சீசனில் நான்கு ஞாயிறு விட்டுவிட்டேன். அம்மா பதறிப்போய் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினார், "மாணவியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பேச முடியாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பதினாறு வயதுதான், ஆனால் கல்லூரிப் பாடம் என்றால் ரெக்கார்டு மேல் உரிமை பெற்றோருக்கு இல்லை, மாணவிக்குத்தான். சி வாங்கினேன்.

அந்த சி, டென்னிஸையே விட்டு ஐந்து வருடம் கழித்து, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது திரும்ப வந்தது. ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பத்தில் பள்ளியில் இருக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடம் உட்பட ஒன்று விடாமல் போட வேண்டும், டிரான்ஸ்கிரிப்ட்டும் அனுப்ப வேண்டும், ஜிபிஏவில் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். நடுவில் விட்டுவிட்டால் டபிள்யூ என்று பதிவாகும், அதுவும் தெரியும். ஒரு நேர்காணலில் அந்தப் பாடத்தைப் பற்றியே கேட்டார்கள், பதினாறு வயதில் நான் ஏன் ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டேன் என்று இருபத்தோரு வயதில் கோட் போட்டுக்கொண்டு விளக்கினேன்.

ஏபியில் 2 வந்திருந்தால் விண்ணப்பத்தில் சொல்லாமலே விட்டிருப்பேன், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இந்த வித்தியாசத்தை யாரும் வீட்டு விசேஷங்களில் பேசுவதில்லை. அதற்காக பயாலஜி, கெமிஸ்ட்ரியில் ஏபி 5 வாங்கிவிட்டு மெடிசினுக்கு அதுவே போதும் என்று நினைக்காதீர்கள், பல மருத்துவக் கல்லூரிகள் கல்லூரியில் உட்கார்ந்து எடுத்த பாடத்தைத்தான் கேட்கும்.

மூன்றாம்_பெஞ்ச்:

நான் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் வகுப்புகளுக்கு டிஏவாக, அதாவது ஆசிரியரின் உதவியாளராக, இருந்தவன். கால்குலஸ் பிசியைத் தாண்டிப் போய்விட்டீர்கள், அங்கேதான் நான் நிறுத்துவேன். பிசியில் 5 வாங்கினால் பல இடங்களில் கால்குலஸ் 1, 2 இரண்டுக்கும் கிரெடிட் கிடைக்கும். அப்படித் தாண்டி நேராகக் கால்குலஸ் 3க்கு வருபவர்களில் சிலர் பிரமாதமாகச் செய்வார்கள், சிலர் அக்டோபர் மாதம் என் அறை வாசலில் நிற்பார்கள். ஒரு பையன் ஞாபகம் இருக்கிறது, இன்டக்ரேஷன் எல்லாம் கையில் தண்ணீராக ஓடும், ஆனால் ஒரு சீரிஸ் குவிகிறதா என்று கேட்டால் எந்த டெஸ்ட்டைப் போடுவது என்று தெரியாமல் ஏபி வகுப்பில் மனப்பாடம் செய்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பான். 5 வாங்கியவன்தான்.

ஒரு வழி சொல்கிறேன். தேர்வு முடிந்த கோடையில், அவள் சேரப்போகும் கல்லூரியின் பழைய கால்குலஸ் 2 இறுதித் தேர்வுத் தாள் ஒன்றைத் தேடி எடுங்கள், பல துறைகள் அவற்றை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலை, போன் இல்லாமல், கால்குலேட்டர் இல்லாமல், உட்கார்ந்து எழுதட்டும். பகுதி பகுதியாகத் தொகையிடுவதும் டெய்லர் சீரிஸும் தடுமாறாமல் வந்தால் தாராளமாகத் தாண்டலாம். பாதித் தாளில் பேனாவைக் கடித்தால் கால்குலஸ் 2ஐ மறுபடி எடுக்கட்டும், நல்ல கிரேடும் வரும், அடித்தளமும் உறுதியாகும். சில கல்லூரிகளில் ஏபி கிரெடிட் தானாக ஏறாது, மாணவர் கேட்டு வாங்க வேண்டும், யூடி ஆஸ்டினில் அப்படித்தான், வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஓரியன்டேஷன் அன்று அவசரத்தில் எல்லாவற்றையும் கிளிக் செய்துவிட வேண்டாம்.

ஒரு வருடம் மிச்சம் என்ற கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டத்துக்கு 120 கிரெடிட், கையில் 30 இருக்கிறது, ஆகவே மூன்று வருடம் என்று பெருக்கல் வாய்ப்பாடு போடுகிறோம். இன்ஜினியரிங்கில் பாடங்கள் சங்கிலி மாதிரி, கால்குலஸ் முடித்தால்தான் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், இயற்பியல் முடித்தால்தான் ஸ்டாட்டிக்ஸ், அதற்குப் பிறகுதான் அடுத்தது, கடைசியில் வருடம் முழுக்க ஒரு புராஜெக்ட். கையிலிருக்கும் 30 கிரெடிட்டும் வரலாறு, இங்கிலிஷ், சைக்காலஜி என்றால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் குறையாது. நான் பார்த்தவரை அந்தக் கிரெடிட்டால் நிஜமாகக் கிடைக்கும் லாபம், ஒரு செமஸ்டரில் ஐந்து பாடத்துக்குப் பதில் நான்கு எடுத்து மூச்சு விடுவது. பிறகு, கிரெடிட் அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் பாடப் பதிவு திறக்கும் கல்லூரிகளில் நல்ல நேரத்து வகுப்பு கிடைக்கும். காலை எட்டு மணி வகுப்பு எடுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பெரிய பெயர்களைப் பற்றி ஒரு வரி. கால்டெக் ஏபிக்குக் கிரெடிட் தருவதில்லை. டார்ட்மத் 2014ல் சேர்ந்தவர்களிலிருந்து நிறுத்திவிட்டது. எம்ஐடியில் பிசி 5க்கு முதல் கால்குலஸ் பாடம் கழியும், கெமிஸ்ட்ரி 5க்கு எதுவும் கழியாது. அங்கே போக ஆசை என்றால் ஏபி சேர்க்கைக்கு உதவும், செலவைக் குறைக்க உதவாது.

கொத்தவரங்காய்:

எல்லாம் சரி. பெண்ணைக் கேட்டீர்களா? பதினொரு ஏபி பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று அந்த வளைகாப்பில் யாராவது கேட்டார்களா?

பஞ்சுமிட்டாய்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கொத்தவரங்காய், நியாயமான குத்து, வாங்கிக்கொள்கிறேன். நேற்று ராத்திரி இந்தப் பதில்களை அவளிடமே படித்துக் காட்டினேன். லேப்கோட் எழுதியதைக் கேட்டதும் "ஆன்லைன் வேண்டவே வேண்டாம்" என்றாள். எங்கள் டிஸ்ட்ரிக்ட் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே எடைதான் போட்டிருக்கிறது. மாமா, எச்4 பற்றி ஏதாவது தெரியுமா? டூயல் கிரெடிட்டுக்கு விசாவால் தடை வருமா?

ஹூஸ்டன்_மாமா:

எச்4ல் படிக்கத் தடை இல்லை, பள்ளியும் படிக்கலாம், கல்லூரியும் படிக்கலாம். நீங்கள் கவலைப்பட வேண்டியது 21 வயதைப் பற்றித்தான். அன்றைக்கு எச்4 முடிந்துவிடும், அதற்குள் கிரீன் கார்டு வரவில்லையென்றால் பெரும்பாலும் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். மாறினால் உள்ளூர்க் கட்டணம் தொடருமா என்பதைச் சேரும் முன்பே பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கட்டணம் மூன்று மடங்கானால் இங்கே நாம் மிச்சம் பிடிக்கும் 18 மணி நேரமெல்லாம் ஒரே செமஸ்டரில் போய்விடும். ஒரு வருடப் படிப்பு மிச்சமானால்கூடப் பெரிய விஷயம் என்று நீங்கள் சொன்னது இதனால்தான் இன்னும் நியாயமாகிறது, 21க்கு முன்னால் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு நல்லது.

என்னைக் கேட்டால், வரலாற்றை டூயல் கிரெடிட்டாகவும் இங்கிலிஷை ஏபியாகவும் பிரித்துவிடலாம். ஏபி வரலாற்றில் ஏழு ஆவணங்களைப் படித்து ஒரு மணி நேரத்தில் கட்டுரை எழுத வேண்டும், பிடித்தவர்களுக்கு விருந்து, பிடிக்காதவர்களுக்கு வருடம் முழுக்கத் தண்டனை. ஏபி இங்கிலிஷ் லாங்குவேஜில் வாதம் கட்டி எழுதப் பழகுவாள், அது எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கூடவே வரும். என் மகள் இன்றைக்கும் அந்த ஆசிரியரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பஞ்சுமிட்டாய்:

அப்படியே செய்துவிட்டோம். இங்கிலிஷ் ஏபி, வரலாறு டூயல் கிரெடிட், அதுவும் பள்ளி வகுப்பறையிலேயே ஆசிரியர் நேரில் நடத்தும் பிரிவு. கால்குலஸ் பிசி இருக்கிறது, தாண்டுவதா வேண்டாமா என்பதை அந்தப் பழைய கேள்வித்தாள் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன், அவளும் போட்டாள். டூயல் கிரெடிட்டில் சேர டிஎஸ்ஐஏ2 என்று ஒரு தேர்வு எழுத வேண்டுமாம், செவ்வாய்க்கிழமை போகிறாள். அதற்கு நேரக் கட்டுப்பாடே இல்லை என்று சொன்னேன். "அப்படியென்றால் மத்தியானச் சாப்பாடும் கட்டிக் கொடுத்துவிடு" என்கிறாள்.