பார்கோடு மருந்து முறை: தப்பு நர்ஸ் மேலா, அமைப்பு மேலா?

தரவுத்தச்சன்:
நோயாளியின் கையில் கட்டிய அடையாளப் பட்டையிலும் மருந்திலும் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும். பல வார்டுகளில் இன்னொரு பட்டையை அச்சடித்து மேசையில் ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்கிறார்கள். ஆளைச் சரிபார்ப்பதுதான் இந்த முறைக்கே உயிர். கண்டிப்பு காட்டாமல் இது திருந்தாது. ஸ்கேன் செய்து கொடுத்த மருந்துகளின் விகிதம் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் வார்டைக் கேள்வி கேட்க வேண்டும்.

இரவுப்பணி:
மேசைப் பட்டையை ஸ்கேன் செய்தாலும் அந்த விகிதத்தில் 'சரி' என்றுதானே ஏறும்? விரட்ட விரட்ட எண் உயரும், பாதுகாப்பு உயராது. முதலில் கட்டிலருகே போய் நின்று பாருங்கள் சார். பட்டை நனைந்து கோடு கலைந்திருக்கும், குழந்தை கடித்திருக்கும். தொற்றுத் தனியறைக்குள் ஸ்கேனர் வண்டியைக் கொண்டுபோக முடியாது. வைஃபை அறுந்துபோகும். மாத்திரைகளில் பாதிக்குப் பார்கோடே இருக்காது. 2008-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இப்படி 15 வகைக் குறுக்குவழிகளையும் அவற்றுக்கு 31 காரணங்களையும் எடுத்துவைத்தது. ஒழுங்கீனம் என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காரணங்களுக்குள் அடங்கிவிடும்.

மருந்தறை:
அமைப்பு சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையை மறக்கக் கூடாது. 2002-இல் டாக்டர் எழுதும் மருந்து, சிகிச்சை ஆர்டர்களைக் கணினிக்கு மாற்றும் வேலையை 6 நாளில் முடித்தார்கள். வேறு மருத்துவமனைகளிலிருந்து அங்கே மாற்றப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது என்று 2005-இல் அவர்களே எழுதினார்கள். குழந்தை வந்து பதிவாகும்வரை ஆர்டர் போட வழியில்லை. வார்டில் இருந்த மருந்துகளும் மைய மருந்தகத்துக்குப் போயின. ஒரு ஆர்டருக்குச் சுமார் 10 கிளிக்.

தரவுத்தச்சன்:
மாற்றத்துக்குப் பின் வெறும் 5 மாதத் தரவு அது. அதே மென்பொருளைப் போட்ட சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில் இறப்பு கூடவில்லை என்று 2006-இல் ஆய்வு வந்ததே!

இரவுப்பணி:
என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள். மென்பொருள் ஒன்றேதான், விளைவு வேறு. சியாட்டிலில் தீவிர சிகிச்சைக்கான ஆர்டர் தொகுப்புகளை முன்கூட்டியே தயார் செய்திருந்தார்கள். வித்தியாசம் நிரலில் இல்லை, வேலையை அமைத்த விதத்தில் இருக்கிறது.

மருந்தறை:
அப்படியானால் செய்ய வேண்டியது இதுதான். ஸ்கேன் தவறும்போது காரணத்தை ஒரே தொடுதலில் பதியும்படி திரை இருக்கட்டும்: பட்டை சேதம், மருந்தில் கோடு இல்லை, கருவி பழுது, அவசரம். நான்குக்கு மேல் வைத்தால் எல்லோரும் முதல் வரியையே தொடுவார்கள். எந்தக் கட்டிலுக்கு, எத்தனை மணிக்கு மறுபட்டை அச்சானது என்பதும் பதிவாகட்டும். ஒரே கட்டிலுக்கு ஒரு ஷிஃப்டில் இரண்டு அச்சானால் முதலில் பட்டையின் தரத்தையும் அச்சு இயந்திரத்தையும் பாருங்கள். நர்ஸிடம் விளக்கம் கேட்பது அதற்கப்புறம்.

தரவுத்தச்சன்:
பதிவு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபட்டையை அச்சடித்தவரே கட்டிலருகே போய்க் கையில் கட்ட வேண்டும், பழையதை அங்கேயே வெட்டிப் போட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரவுப்பணி:
அச்சு இயந்திரம் வார்டுக்குள்ளேயே இருந்தால் சம்மதம். தரைத்தளத்துப் பதிவு மேசையில் இருந்தால் அந்த விதி முதல் இரவுப் பணியையே தாண்டாது.